நம் விசாக் கட்டணமும் நம் கல்லூரி மானியமும்

(அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் பணிபுரியும் தமிழர்களுக்காக ஒரு தமிழ்ச் சங்க அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எச்1பி விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவர்களும், அப்படி வந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்களும் கை தூக்குங்கள் என்றால் இங்கே பாதி அரங்கு கை தூக்கும். உங்களுக்காக மனுப் போட்ட கம்பெனி வக்கீல் செலவு போக இன்னொரு தொகையும் அரசுக்குக் கட்டியிருக்கும். 1998-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் வந்த கட்டணம் அது. முதலில் 500 டாலர், 2000-ல் ஆயிரம், 2004 முதல் 1,500. சின்னக் கம்பெனி என்றால் 750. (2025 செப்டம்பரில் அறிவித்தார்களே ஒரு லட்சம் டாலர், அது வேறு கணக்கு. அதைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் சாப்பாட்டு நேரத்தில் வக்கீல்களைப் பிடியுங்கள்.)

அந்தப் பணம் போகும் இடத்தைப் பாருங்கள். சரிபாதி தொழிலாளர் துறைக்கு, உள்ளூர் ஆட்களுக்கு வேலைப் பயிற்சி கொடுக்க. நூற்றுக்கு முப்பது, ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் அரசுப் பணத்தைக் கொடுக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளை வழியாக, வசதியில்லாத மாணவர்கள் அறிவியலும் பொறியியலும் படிக்க உதவித்தொகையாக. இந்த உதவித்தொகைத் திட்டத்தின் பெயர் எஸ்-ஸ்டெம். மாணவருக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் வரை கிடைக்கும். நம் கம்யூனிட்டி காலேஜ் போன்ற இரண்டாண்டுக் கல்லூரிகளும் விண்ணப்பிக்கலாம். அதாவது நம்மைக் கூட்டி வந்த செலவில் ஒரு பகுதி, நாம் பாடம் நடத்தும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வர வழி இருக்கிறது. விண்ணப்பம் போட வேண்டியவர் நீங்கள்தான்.

ஆனால் போடுவதில்லை. கல்லூரி மானிய அலுவலகத்தில் உட்கார்ந்து நான் அடிக்கடி கேட்கும் வசனம், ‘அதெல்லாம் பெரிய யுனிவர்சிட்டிக்காரங்களுக்கு சார்.’ ஒரு பருவத்துக்கு ஐந்து வகுப்பு எடுப்பவருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. இருந்தாலும் அது தப்பு. 1992-ல் தொழில்நுட்பக் கல்விக்காகவே காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அதிலிருந்து ஏ.டி.இ. (மேம்பட்ட தொழில்நுட்பக் கல்வி) என்ற திட்டத்தை அதே அறிவியல் அறக்கட்டளை தொடங்கியது. அதில் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்குத்தான் தலைமை இடம். பல்கலைக்கழகங்கள் நம் தோளில் கை போட்டுக்கொண்டு வர வேண்டிய திட்டம் அது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.5 கோடி டாலர் இதன் வழியாகப் போயிருக்கிறது. இதுவரை வாங்காத கல்லூரிகள் போட்டியிடத் தனிப் பிரிவே உண்டு. முதல் முறை எழுதுபவருக்குக் கூட இருந்து சொல்லிக் கொடுக்க, தென் கரோலினாவில் புளோரன்ஸ்-டார்லிங்டன் டெக்னிக்கல் காலேஜ் தலைமையில் மென்டர்-கனெக்ட் என்று ஓர் ஏற்பாடு நடக்கிறது. அதன் செலவையும் அறக்கட்டளையே ஏற்கிறது.

சரி, எழுத உட்காருகிறோம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ‘எங்களுக்கு ரோபோ வேண்டும், லேப் வேண்டும், முப்பது லேப்டாப் வேண்டும்’ என்று ஆரம்பிப்பார்கள். மளிகைச் சீட்டுக்கு யாரும் மானியம் தருவதில்லை. உங்கள் ஊர்த் தொழிற்சாலைக்கு எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை? உங்கள் மாணவர்கள் எந்தப் பாடத்தில் வந்ததும் நின்றுவிடுகிறார்கள்? ஏன் நிற்கிறார்கள்? இதற்கு உங்கள் கல்லூரியின் எண்களோடு பதில் எழுதினால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானாக வந்து நிற்கும். அந்த எண்களை வைத்திருப்பவர் பேராசிரியர் அல்ல. பதிவாளர் அலுவலகத்திலும் நிதியுதவி அலுவலகத்திலும் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியர். எஸ்-ஸ்டெம்முக்கு அவர் இல்லாமல் ஒரு வரி எழுத முடியாது, ஏனென்றால் எந்த மாணவருக்கு எவ்வளவு பற்றாக்குறை என்று அவருக்குத்தான் தெரியும். ஆகவே முன்மொழிவை, அதாவது மானிய விண்ணப்பத்தை, எழுதி முடித்துவிட்டு அவரிடம் கையெழுத்துக்குப் போகாதீர்கள். முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள், காபியும் வாங்கிக் கொடுங்கள்.

ஊழியர்களே முன்னின்று எழுதும் மானியங்களும் உண்டு. குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர்களுக்கான ட்ரையோ திட்டங்கள் 1964 முதல் நடக்கின்றன. அவற்றின் உயிரே ஆலோசகர்கள்தான். கல்லூரியின் அடித்தளத்தையே பலப்படுத்த, 1965-ன் உயர்கல்விச் சட்டத்தில் மூன்றாம் தலைப்பின் (டைட்டில் III) கீழ் ஐந்தாண்டு மானியம் இருக்கிறது.

பட்ஜெட்டில் நம்மவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குக் கோபமூட்டும். தங்கள் நேரத்துக்குப் பணம் கேட்கக் கூச்சப்படுவார்கள்! ‘நான் சும்மாவே செய்துவிடுவேன்’ என்பார்கள். செய்ய முடியாது. ஐந்து வகுப்போடு ஆறாவதாக மானியத்தையும் சுமந்தவர் இரண்டாம் ஆண்டில் படுத்துவிடுவார். ஒரு வகுப்பை விட்டுக்கொடுத்து, அந்த நேரத்தைத் திட்டத்துக்குக் கொடுக்கிறேன் என்று எழுதுங்கள். கோடைச் சம்பளம் கேளுங்கள். திட்டம் பலன் தந்ததா என்று பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு ஒதுக்குங்கள். கட்டடம், மின்சாரம், அலுவலகம் என்று கல்லூரிக்கு ஆகும் மறைமுகச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. அரசோடு தனியாகப் பேசி விகிதம் வைத்துக்கொள்ளாத கல்லூரிகளுக்கு அது பத்து சதவீதமாக இருந்து, 2024 அக்டோபரிலிருந்து 15 சதவீதம் வரை போகலாம் என்றாகியிருக்கிறது. டீனிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், முகம் மலரும்.

இலக்கியம், வரலாறு நடத்துபவர்கள் ‘எங்களுக்கு?’ என்று பார்க்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பாதை குறுகல். மெலன் அறக்கட்டளைப் பணத்தில் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களுக்கென்றே 40,000 டாலர் வரை ஆய்வு நல்கை கொடுத்தார்கள், 2018-ல் தொடங்கி. அதுபோன்றவை வரும், போகும். வெளிநாடு போய்ப் பாடம் நடத்தவும் ஆராயவும் அமெரிக்க அரசு பணம் தரும் ஃபுல்பிரைட்டில் நம் வகைக் கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம், நிர்வாக ஊழியர்களுக்கும் குறுகிய காலப் பயணங்கள் உண்டு. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் இதில் ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

2025-ஐப் பற்றிப் பேசாமல் போனால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். அறிவியல் அறக்கட்டளை ஏற்கெனவே கொடுத்த மானியங்கள் பல அந்த ஆண்டு நடுவழியில் ரத்தாயின. இலக்கியம், வரலாறு போன்ற துறைகளுக்கு மானியம் தரும் தேசிய மனிதவியல் அறக்கட்டளையிலும் அப்படியே. ஆசிய அமெரிக்க மாணவர்கள் பத்து சதவீதமாவது படிக்கும் கல்லூரிகளுக்கென 2007-ல் வந்த திட்டம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகளும் அந்தப் பத்தில் எண்ணப்பட்டவர்கள். அதற்கும், அதுபோன்ற வேறு சில திட்டங்களுக்கும் துறை தன் விருப்பப்படி ஒதுக்கக்கூடிய நிதி இனி இல்லை என்று கல்வித் துறை செப்டம்பரில் கைவிரித்தது. அதற்காக விண்ணப்பமே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வெளிப்பணத்தில் ஒரு பாடத்திட்டத்தை உருவாக்குங்கள், கருவி வாங்குங்கள், ஆசிரியருக்குப் பயிற்சி கொடுங்கள். பணம் நின்றாலும் இவை நிற்கும். ஆனால் ஒரு மனிதரின் முழுச் சம்பளத்தை மானியத்தின் மேல் ஏற்றி வைத்தால், ரத்துக் கடிதம் வரும் நாளில் வீட்டுக்குப் போவது அவர்தான்.

எழுதக் கற்றுக்கொள்ள ஒரு குறுக்குவழி சொல்கிறேன். அறிவியல் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் உட்காரப் பெயர் கொடுங்கள். கம்யூனிட்டி காலேஜ் ஆட்கள் அங்கே தேவைப்படுகிறார்கள். பத்து முன்மொழிவைப் படித்து மதிப்பெண் போட்டவருக்கு, தன்னுடையதில் எங்கே தூக்கம் வரும் என்று தெரிந்துவிடும். இன்னொன்று, அறக்கட்டளையின் திட்ட அலுவலருக்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். அவரைத் தாசில்தார் போல நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை, பதில் சொல்வது அவர் வேலையில் சேர்ந்தது.

கேள்விகளுக்குப் போகும் முன் கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கூட்டாட்சி மானியத்துக்கு உங்கள் கல்லூரி சாம்.கவ் (SAM.gov) என்ற அரசுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கெடுநாளுக்கு முதல் நாள் பதிவு காலாவதி என்று தெரிந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. திங்கட்கிழமை காலை நிதி அலுவலகத்துக்குப் போன் போட்டு, பதிவு எந்தத் தேதி வரை என்று கேட்டு வையுங்கள்.