புதுப்பித்த நிலையில் உள்ளது

நேயர்களுக்கு வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் கிடக்கிறது. போன வாரம் அதற்கு சார்ஜ் போட்டு, செட்டிங்ஸுக்குள் போய், அப்டேட் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. அப்புறம் ஒரு டிக் அடையாளம். 'உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்றது. அதற்குக் கீழேயே, பொடி எழுத்தில், கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்டின் தேதி. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி!

போன் பொய் சொல்லவில்லை. தனக்கு அனுப்பியதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்கிறது, அவ்வளவுதான். அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள் என்பதைச் சொல்ல அந்தத் திரையில் இடமில்லை.

'இந்த போனுக்கு எத்தனை வருடம் அப்டேட் வரும்?' என்று யாராவது கேட்டால், 'எந்த அப்டேட்?' என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். புதிய வசதிகள் ஒன்று. ஆண்ட்ராய்டு 15, 16 என்று எண் மாறுகிற பெரிய அப்டேட் இன்னொன்று. ஓட்டைகளை அடைக்கிற பாதுகாப்பு அப்டேட் மூன்றாவது. மூன்றும் ஒரே நாளில் நிற்பதில்லை. ஐபோன் 5எஸ் 2013இல் ஐஓஎஸ் 7உடன் வந்தது; ஐஓஎஸ் என்பது ஐபோனின் இயங்குதளம். 2018இல் ஐஓஎஸ் 12 வரை ஏறியது. அடுத்த வருடம் ஐஓஎஸ் 13 அதற்குக் கிடைக்கவில்லை. சரி, கதை முடிந்தது என்று நினைத்தால், 2023 ஜனவரியில் 12.5.7 என்று ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்து நிற்கிறது. கடைசிப் பெரிய அப்டேட் வந்து நாலு வருடம் கழித்து!

எண் ஏறினால் வசதியும் வந்துவிடும் என்றும் நம்ப முடியாது. 2011இல் ஐபோன் 4எஸ்ஸோடு, நாம் பேசிக் கேட்டால் பதில் சொல்லும் சிரி வந்தது. முந்தைய ஐபோன் 4க்கும் அதே ஐஓஎஸ் 5 கிடைத்தது, சிரி மட்டும் இல்லை. பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலையில் பெரும்பகுதி அன்று நிறுவனத்தின் சர்வரில்தான் நடந்தது. அப்படியிருக்க பழைய போனுக்கு ஏன் தரவில்லை? புதிய மாடலை விற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது என்பதே என் எண்ணம். ஆனால் 2024இல் நடந்தது வேறு. ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற ஏஐ வசதிகள் வந்தபோது, ஒரு வருடமே ஆன ஐபோன் 15க்கு அவை கிடைக்கவில்லை. 15 ப்ரோவுக்குக் கிடைத்தன. ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் தங்கும் நினைவகமான ரேம் முதலாவதில் 6 ஜிபி, இரண்டாவதில் 8. போனிலேயே ஓடும் ஏஐ மாடல் ரேமில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். இடம் போதாவிட்டால் மற்ற ஆப்களை வெளியே தள்ள வேண்டும். இந்தக் காரணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், வாங்கியவர்களுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தாலும்.

ஆண்ட்ராய்டில் சிக்கல் சிப்பிலிருந்தே தொடங்குகிறது. சிப்பை ஆண்ட்ராய்டோடு பேச வைக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். சிப் தயாரிப்பவர் அந்த டிரைவர்களைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், போன் நிறுவனம் நினைத்தாலும் அடுத்த ஆண்ட்ராய்டைக் கொண்டுவருவது பெரும்பாடு. இந்த முடிச்சைத் தளர்த்தத்தான் 2017இல், ஆண்ட்ராய்டு 8இல், ஆண்ட்ராய்டையும் சிப்புக்கான மென்பொருளையும் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் டிரெபிள் என்ற ஏற்பாட்டைக் கூகுள் கொண்டுவந்தது. ஃபேர்போன் நிறுவனம் வேறு வழியில் போனது: 2023இல் தன் ஐந்தாவது மாடலுக்கு, தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று செய்யப்படும் குவால்காம் சிப்பைத் தேர்ந்தெடுத்தது. அந்த வகைச் சிப்புகளுக்கு ஆதரவு நீண்ட காலம் கிடைக்கும்.

அதே 2023 அக்டோபரில் தன் பிக்சல் 8 போனுக்கு 7 வருடம் அப்டேட் என்று கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஏழு வருடம் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மூன்று வருடப் பழைய மாடலை, பெட்டி பிரிக்காத புத்தம் புதியதாகவே வாங்கினாலும், மீதி நாலுதான். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கிறது: ஒரு மாடலின் கடைசி போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் இயங்குதள அப்டேட். வாங்குபவர் பக்கம் நின்று எண்ணினால் இப்படித்தான் எண்ண வேண்டும்.

ஆண்ட்ராய்டுக்குப் பின்வாசல் ஒன்றும் உண்டு. எண் ஏறாத போனுக்கும் ப்ளே ஸ்டோர் வழியாகச் சில வசதிகள் வந்துகொண்டிருக்கும். பக்கத்திலிருக்கும் போனுக்குக் கோப்பு அனுப்பும் வசதியை 2020இல் கூகுள் கொண்டுவந்தபோது, 2015இல் வெளியான ஆண்ட்ராய்டு 6 இருந்தாலே போதும் என்றது. நல்ல விஷயம்தான். ஆனால் புதிய வசதி வருகிறதே, போன் பத்திரமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு அந்தப் பொடி எழுத்துத் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

என் பழைய போனிலிருந்து வங்கி ஆப்பையும் மின்னஞ்சலையும் எடுத்துவிட்டேன். இப்போது அது சமையலறை அலமாரியில் நின்று வானொலி பாடுகிறது. இந்த உரையைக்கூட அதில்தான் கேட்பேன்.

வணக்கம்.