சாட்சிக்கு ஒரு குருகு

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஐந்தே அடியில் ஒரு பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். குறுந்தொகையின் 25ஆம் பாடல், கபிலர் பாடியது. முதலில் காதால் கேட்டுவிடுங்கள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பேச்சு மாறினால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்று ஒரு குருகும் இருந்தது. தினையின் தாளைப் போன்ற சின்னப் பச்சைக் கால்கள் அதற்கு. ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. பொருள் இவ்வளவுதான். பேசுகிறவள் தலைவி, கேட்பவள் தோழி. காதல் தொடங்கிவிட்டது, கல்யாணப் பேச்சோ இழுத்துக்கொண்டே போகிறது.

ஏமாந்த பெண்ணின் புலம்பலாக இதை வாசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவன் பொய் சொல்லிவிட்டான் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வது என்றுதான் கேட்கிறாள். அவன் நாளைக்கே பெண் கேட்டு ஆள் அனுப்பலாம், அனுப்பாமலும் போகலாம். ஏமாந்தவளுக்காவது அழுது தீர்க்க ஒரு முடிவு கிடைத்துவிடும், இவளுக்கு அதுவும் இல்லை. போதாக்குறைக்கு அவன்மேல் ஆசையும் குறையவில்லை. ‘கள்வன்’ என்று அவள் திட்டுகிறபோது, நம் வீட்டில் குழந்தையைத் ‘திருட்டுப் பயலே’ என்று அள்ளிக் கொஞ்சுகிற செல்லமும் அதில் கலந்திருக்கிறது.

சரி, குருகுக்கு வருவோம். குருகு என்றால் நாரை, கொக்கு என்று உரைகள் பலவிதமாகச் சொல்கின்றன. பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனதில் வந்து நிற்பது மடையான்தான். நம் பாகூர் ஏரிப் பக்கம், வாய்க்கால் மதகோரம், நடவு வயலில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். மண்ணிற முதுகு, பச்சையும் மஞ்சளுமான கால். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, நீரில் கண்ணை வைத்து அப்படியே நிற்கும். நாம் வெகு அருகில் போகிற வரைக்கும் அசையாது. அதனால்தான் அதற்குக் குருட்டுக் கொக்கு என்றும் பெயர். அது காத்திருக்கிற ஆரலோ, சேற்றுக்குள் புதைந்து கிடக்கிற ஒல்லியான மீன். பிடித்தாலும் வழுக்கிப் போய்விடும். அதற்காக நிற்கிற பறவை வேறு எதைப் பார்க்கும்? அவளுக்கு இருக்கிற ஒரே சாட்சி, கண் முழுக்க மீன் மேல் இருந்த சாட்சி. பார்த்திருந்தாலும் அதற்கு வாய் இல்லை.

பறவை அவளைப் பார்க்கவில்லை. அவள் பறவையைப் பார்த்திருக்கிறாள். காலின் நிறம், அதன் பருமன், எந்த மீனுக்காக நின்றது என்பது வரை நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பெண் கொக்கின் காலையா பார்ப்பாள்? பார்ப்பாள் என்றே நினைக்கிறேன். அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சம்; குனிந்த கண்ணுக்கு அகப்பட்டது தண்ணீரும் அந்தக் கால்களும். அப்புறம் நாள் தள்ளிப்போகப் போக, அவன் வராத ஒவ்வொரு நாளும், அந்த ஒரு பொழுதையே திரும்பத் திரும்பத் துழாவியிருப்பாள். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வராத ராத்திரியில், பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இவளைச் சட்டென்று புரியும். அவர்களுக்காவது எழுத்தில் ஏதோ இருக்கிறது.

தொல்காப்பியக் கற்பியலில் ஒரு சூத்திரம்: ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப.’ காதலில் பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் பெரியவர்கள் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்கிறது. ஊர் கூடிய கல்யாணத்தில் யாரும் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று தப்ப முடியாது. அந்தப் பாதுகாப்பு இன்னும் வந்து சேராத இடத்தில்தான் கபிலரின் தலைவி நிற்கிறாள்.

தேடிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகை எளிதாகவே கிடைக்கும். நம் புதுச்சேரி ட்யூமா வீதியில் உள்ள பிரெஞ்சுக் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளியும், ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு ஏவா வில்டன் செய்த பதிப்பை 2010இல் வெளியிட்டிருக்கிறது. யாரும் இல்லாத இடத்தில் நடந்ததாக அவள் சொன்ன சேதியை எத்தனை பேர் சுவடி சுவடியாகப் பார்த்து எழுதிக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

தோழி என்ன பதில் சொன்னாள்? பாட்டில் இல்லை. ஆனால் சங்கப் பாடல்களின் தோழி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவள் அல்ல. வரைவு கடாதல் என்று ஒரு துறையே இருக்கிறது: அடுத்த முறை அவன் வரும்போது வழிமறித்து, ‘எப்போது இவளை மணந்துகொள்ளப் போகிறாய்?’ என்று தோழி அவன் முகத்துக்கு நேரே கேட்பாள். இந்த ஐந்து அடியைக் கேட்டவளும் அதற்குத்தான் எழுந்து போயிருப்பாள்.

நன்றி. வணக்கம்.