கலங்கிய ஆற்றில் மின்மீன்கள் இரை தேடுவது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

குடியாத்தத்திலிருந்து ஓர் அன்பர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அமேசான் போன்ற கலங்கிய ஆற்றில் மின்மீன்கள் எப்படி இரை தேடுகின்றன, எல்லா மின்மீன்களும் ஷாக் அடித்துத்தான் தின்கின்றனவா, நம் ஏரியில் பிடிபடும் சொட்டை வாளையும் அந்த வகைதானா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சொட்டை வாளை பார்வைக்கு அமேசானில் வாழும் மின்மீன் வகையான கத்திமீனைப் போலத் தட்டையாக இருந்தாலும், அதன் உடம்பில் மின்னுறுப்பு கிடையாது. தாராளமாகக் குழம்பு வைக்கலாம்.

ஆற்றுமீன்களில் ஷாக் அடித்து இரை பிடிப்பவை மிகச் சிலவே. தென் அமெரிக்காவின் மின்விலாங்கும் ஆப்பிரிக்காவின் மின்கெளுத்தியும்தான் அதற்குப் பேர்போனவை. தென் அமெரிக்காவில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட கத்திமீன் இனங்கள் இருக்கின்றன. அவற்றின் மின்சாரம் மிகப் பலவீனமானது, இரையைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, ஷாக் அடிக்க உதவாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது காட்பாடிப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் செம்மண் நிறம் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நீரில் பல ஆள் ஆழத்தில், வெளிச்சமே எட்டாத ஆற்றடியில் கத்திமீன்களில் பல இனங்கள் வாழ்கின்றன. மீனைச் சுற்றி ஒரு மின்புலம் எப்போதும் பரவியிருக்கும்; சிறு புழுவோ நீர்ப்பூச்சியோ அதற்குள் வந்தால் புலம் லேசாகக் கலையும், அந்தக் கலைவைத் தோலில் உள்ள ஆயிரக்கணக்கான உணர்விகள் பிடித்துக்கொள்ளும். சில சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் இது எட்டும். இரை வாலருகே தட்டுப்பட்டால் மீன் திரும்புவதில்லை. அடித்துடுப்பை மாற்றி அலைத்து அப்படியே பின்னோக்கி நீந்தி, வாயை இரைக்கு நேரே கொண்டுவருகிறது. அலங்கார மீன் கடைகளில் ‘ப்ளட் வார்ம்’ என்று விற்கிறார்களே, அதுபோன்ற சிவந்த பூச்சிப்புழுக்கள் இவற்றின் முக்கிய உணவு. சில இனங்கள் நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிரினங்களைத் தின்கின்றன.

மின்விலாங்கின் வழி வேறு. அதை 2019-இல் மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்று 860 வோல்ட் வரை வெளியிடுகிறது. ஆனால் என்னை வியக்கவைப்பது அந்த வோல்ட் கணக்கு அல்ல. 2014-இல் கென்னத் கட்டானியா என்ற ஆய்வாளர் காட்டியபடி, ஒளிந்திருக்கும் மீனை நோக்கி விலாங்கு முதலில் இரண்டு மூன்று துடிப்புகளை மட்டும் விடுகிறது. அந்த மீனின் நரம்புகள் தூண்டப்பட்டு உடம்பு தானாகத் துள்ளுகிறது, அந்த நீரதிர்வே அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிறகு நொடிக்குச் சுமார் 400 வீதம் துடிப்புகளைப் பொழிந்து, இரையின் தசைகளை விறைக்கவைத்து, விழுங்கிவிடுகிறது. குறி தப்பினால், விறைத்த மீன் சற்று நேரத்தில் தெளிந்து நீந்திப் போய்விடும்.

மின்சாரம் விடுவதில் ஆபத்தும் உண்டு. மற்ற மின்மீன்களின், மின்னுறுப்பு நீண்டிருக்கும் வாலையே கடித்துத் தின்னும் கத்திமீன்களை அமேசானின் ஆழத்திலிருந்து பிடித்து 1996-இல் விவரித்திருக்கிறார்கள். கடிபட்ட வால் மறுபடி வளர்ந்துவிடும் என்பது ஓர் ஆறுதல். ஆப்பிரிக்காவின் ஒகவாங்கோ டெல்டாவில், நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்டிருக்கும் அதே ஆப்பிரிக்கக் கெளுத்தி, கூட்டமாகத் திரிந்து மின்மீன்களை வேட்டையாடுகிறது. ஆப்பிரிக்க மின்மீன் இனம் ஒன்றில் வளர்ந்த ஆணின் துடிப்பு பெண்ணுடையதைவிட நீளமாக இருப்பதால், கெளுத்தியால் அதை எளிதாக உணர முடிகிறது.