கைவந்ததை விடுவது

நேயர்களுக்கு வணக்கம். வாழ்க்கை, கலை, மாற்றம் என்று மூன்று பெரிய சங்கதிகளைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டு, பேசச் சில நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். சில வருஷம் கழித்து அந்த உத்தியோகத்தையும் உதறிவிட்டு, 1936-இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். வீட்டில் என்ன பேச்சு வாங்கினாரோ!

அதை இளமைத் துணிச்சல் என்று விட்டுவிடலாம். ஓவிய வாத்தியாராக இருந்த எனக்கு வியப்பு அடுத்த கட்டத்தில்தான். நீர்வண்ணத்தில் காயலும் தென்னையுமாக வரைந்து பெயர் வாங்கியாயிற்று. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரிக்குப் பின், 1957-இல் அதே பள்ளிக்கு முதல்வரும் ஆகியாயிற்று. அப்படிப்பட்டவர் 1963-இல், ஐம்பதைத் தாண்டிய வயதில், கைவந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கித்தானில் எழுத ஆரம்பித்தார். ஆமாம், எழுத்து! ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் பார்த்த எண்களும் எழுத்துகளும்தான் தூண்டுதல். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று ஒரு வரிசையே பிறந்தது.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே ஒரு கூடம் இருக்கிறது. போனால், படத்துக்குக் கிட்டே நின்று பாருங்கள். ஜாதகக் கட்டம் மாதிரிச் சதுரங்கள், சுற்றிலும் பொடிப்பொடியாக வரிகள். மலையாளம் போலத் தெரியும். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிக்கப் பார்ப்போம். ஒரு வரிகூடப் பிடிபடாது. வாசிப்பதற்காக எழுதியதில்லை அது.

சரி, இப்படியெல்லாம் வரைந்தால் அடுப்பெரியுமா? அந்தக் கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை. பள்ளியில் ஓவியம் படித்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே போடக்கூடாது என்று, பாத்திக் துணி போன்ற கைவேலைகளில் அவர்களை இறக்கினார். மெழுகை உருக்கித் துணியில் தடவிச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது. விரிசல் விட்ட இடத்தில் மட்டும் மயிரிழையாக இறங்கும். பிறகு வெந்நீரில் மெழுகைக் கழற்றவேண்டும். கையெல்லாம் சாயம். அப்படி விற்று வந்த காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். பகலில் துணி, மிச்ச நேரத்தில் தன் படம். மனமாற்றம் என்றதும் எல்லாவற்றையும் துறந்துவிட்டுக் கிளம்புவதாகக் கதை கட்டுகிறோமே, இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை.

1977-இல் பணிக்கர் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். “இது என்ன படம்?” என்று கேட்பார்கள், அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். வணக்கம்.