ஸ்டெப்னி என்று யாரைச் சொன்னீர்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமைச் சாயங்காலத்தை எங்களை நம்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சங்கத்து உறவுகளே, வணக்கம்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழில் இந்த இடத்தில் அச்சாகியிருப்பது என் பெயர் இல்லை. பேச வேண்டியவருக்கு நேற்று ராத்திரியிலிருந்து தொண்டை கட்டிவிட்டது. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது போன் வந்தது: "அண்ணே, நீங்கதான் ஏறணும்." தலைப்பு என்ன என்று கேட்டேன். 'அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் பலம் நட்சத்திர ரன்னிங் பேக்கா, மாற்று ரன்னிங் பேக்கா?' மாற்று ஆளுக்காகப் பேச ஒரு மாற்று ஆள். இதைவிட எனக்கு என்ன தகுதி வேண்டும் நடுவர் அவர்களே?

மகன் பார்க்கிறான் என்பதற்காக மட்டுமே ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்காரும் அம்மாக்களுக்காக ஒரு வரி. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து ஓடுகிறாரே, அவர்தான் ரன்னிங் பேக். கபடியில் ரெய்டு போகிறவரை ஏழு பேர் மடக்குவார்கள். இங்கே பதினோரு பேர். ஒவ்வொருவரும் நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அளவு. ஒரு ஆட்டத்தில் இருபது, இருபத்தைந்து முறை இப்படி. இந்த வேலையில் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிரணியில் முதலில் பேசிய நண்பர், மாற்று ரன்னிங் பேக்கை 'ஸ்டெப்னி டயர்' என்றார். நல்ல கைதட்டலும் வாங்கினார். ஆனால் ஸ்டெப்னி டிக்கியில் படுத்துக் கிடக்கும். பஞ்சரானால்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். ஓர் அணியில் இருப்பது 53 பேர். ஆட்ட நாளன்று சீருடை போட முடிகிறவர்கள் அதிகபட்சம் 48. அந்த 48-ல் சும்மா உட்கார ஒருவருக்கும் இடம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது ரன்னிங் பேக் என்றால் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்காஃப் சமயத்தில் எதிரியோடு மோத வேண்டும். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, அதற்குப் பெயர் டவுன்; அதில் மூன்றாவது டவுனில் குவார்ட்டர்பேக் எறியும் பாஸைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற வேண்டும். அந்த வேலையைப் பற்றித்தான் எதிரணியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல். அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 3 என்று இருந்த ஆட்டம், கடைசிக் கால் பகுதியில் 28-12 ஆகியிருக்கிறது. இன்னும் எட்டரை நிமிடம் பாக்கி. பந்து அட்லாண்டாவிடம். மூன்றாவது டவுன், தேவை ஒரே யார்டு. அட்லாண்டாவின் இரண்டாவது ரன்னிங் பேக் டெவின் கோல்மன் அதற்குச் சற்று முன்புதான் அடிபட்டு வெளியே போயிருந்தார். உள்ளே வந்தவர் முதல் ஆளான டெவான்டா ஃப்ரீமன். பந்து குவார்ட்டர்பேக் மேட் ரையன் கைக்கு வருகிறது. ஓரத்திலிருந்து நியூ இங்கிலாந்தின் டான்டா ஹைட்டவர் பாய்ந்து வருகிறார். அவரைத் தடுக்க வேண்டியது ஃப்ரீமன். அவர் பார்வையோ வேறு பக்கம். ஹைட்டவர் வந்த வேகத்தில் ரையன் கையிலிருந்து பந்து தெறிக்கிறது. நியூ இங்கிலாந்து எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் திரும்பிய இடம் எது என்று அட்லாண்டாக்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார், கொஞ்சம் கண்ணீரோடு.

சரி, திரும்பிய ஆட்டத்தை முடித்து வைத்தது யார்? நியூ இங்கிலாந்தில் அந்த வருடம் பெரிய ஓட்டக்காரர் லெகாரட் பிளவுன்ட். சீசனில் 1,161 யார்டு, 18 டச்டவுன். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பதுதான் டச்டவுன், ஆறு புள்ளி. ஆனால் அன்று அவர் பந்தை நழுவவிட்டு, அதிலிருந்துதான் அட்லாண்டாவின் கணக்கே தொடங்கியது. ஜேம்ஸ் ஒயிட் என்று இன்னொருவர் இருந்தார். அந்த சீசனின் வழக்கமான ஆட்டங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து அவர் பந்தோடு ஓடியது வெறும் 39 முறை. எதிரணி மொழியில் டிக்கிக்குள் கிடந்த டயர். அந்த டயர் அன்று 14 பாஸ் பிடித்தது, 110 யார்டு. மூன்று டச்டவுன், கூடவே டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் இரண்டு புள்ளி முயற்சி ஒன்று. ஒரே ஆள் 20 புள்ளி. சூப்பர் பௌல் சரித்திரத்தில் முதல்முறையாகக் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தில், கடைசி இரண்டு யார்டை இடித்துத் தள்ளி உள்ளே விழுந்ததும் அவர்தான். 34-28. ஆட்ட நாயகன் விருது குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்குப் போயிற்று. மாற்று ஆள் பிழைப்பு அப்படித்தான் நடுவர் அவர்களே. எனக்கும் இன்றைக்குப் பொன்னாடை உண்டா என்று தெரியவில்லை.

அடுத்து எதிரணி அக்கா சொன்ன நட்சத்திர ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித் கதைக்கு வருகிறேன். நல்ல வாதம்; மனசார ஒப்புக்கொள்கிறேன். 1993-ல் சம்பளத் தகராறில் ஸ்மித் ஆட வரவில்லை. டாலஸ் கௌபாய்ஸ் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. முதலாளி இறங்கிவந்து கையெழுத்துப் போட்டார், ஸ்மித் வந்தார், அந்த வருடமே சூப்பர் பௌலையும் ஜெயித்தார்கள். "பார்த்தீர்களா, நட்சத்திரம் இல்லாவிட்டால் அணியே இல்லை" என்று அக்கா மேஜையைத் தட்டினார். தட்டியது சரி, ஆனால் கதையை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அதற்கு முந்தைய சீசனில் ஸ்மித்துக்கு மாற்றாகக் கர்வின் ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்தில், ஜெயித்து முடித்த ஆட்டத்தில், அவர் பந்தைக் கீழே விட்டார். பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் உடனே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆக 1993 தொடக்கத்தில் ஸ்மித்தின் இடத்தில் நின்றது, கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய டெரிக் லாசிக். இருந்த மாற்று ஆளைத் துரத்திவிட்டு, பழக்கமில்லாத பையனை நிறுத்திவிட்டு, தோற்றதும் "நட்சத்திரம் இல்லை, அதனால்தான்" என்றால் எப்படி? உலை கொதித்த பிறகு அரிசி வாங்கக் கடைக்கு ஓடிய கதை அது.

டிம்மி ஸ்மித் கதையையும் எதிரணி கொஞ்சம் கிண்டலாகவே சொன்னது. தெரியாதவர்களுக்கு: 1988 ஜனவரி 31 சூப்பர் பௌல், வாஷிங்டனுக்கும் டென்வருக்கும். டிம்மி ஸ்மித் புது ஆள், சீசன் முழுவதும் ஓடியதே 126 யார்டு. அன்று ஆட்டத்தை நீதான் தொடங்குகிறாய் என்று சற்று முன்புதான் அவரிடமே சொன்னார்கள். முன்னாடியே சொன்னால் பையன் பதறிவிடுவான் என்று பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் மறைத்து வைத்திருந்தார். அந்தப் பையன் 204 யார்டு ஓடினான். ஒரு சூப்பர் பௌலில் ஒருவர் ஓடிய அதிகபட்சம் இன்றுவரை அதுதான். எதிரணி என்ன சொல்கிறது? "அதற்குப் பிறகு அவர் காணாமல் போய்விட்டார், எல்லாம் ஒருநாள் கூத்து." உண்மைதான், அடுத்த வருடம் 470 யார்டு, அப்புறம் ஆளே இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, சூப்பர் பௌல் வருடத்துக்கு எத்தனை நாள் நடக்கிறது?

"அதெல்லாம் முன்னால் நிற்கும் லைன்மேன்கள் திறந்து கொடுத்த வழி, யார் ஓடினாலும் ஓடலாம்" என்றும் சொன்னீர்கள். சொன்ன வேகத்தில் உங்கள் கட்சிக்காரரையே கவிழ்த்துவிட்டீர்கள். டென்வரில் டெரல் டேவிஸ் 1998-ல் 2,008 யார்டு ஓடினார். அடுத்த வருடம் நான்காவது ஆட்டத்திலேயே முழங்கால் போனது. ஓலண்டிஸ் கேரி வந்தார், 1,159. அதற்கடுத்த வருடம் மைக் ஆண்டர்சன், 1,487. ராணுவத்தில் மரீன் படையில் இருந்துவிட்டு வந்த மனிதர், அணிகள் புது ஆட்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 1999-ல் டென்வர் 6 வெற்றி 10 தோல்வி என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, அந்த வருடம் குவார்ட்டர்பேக் ஜான் எல்வேயும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அதையும் சேர்த்து முணுமுணுங்கள்.

இப்போது என் கட்சியின் முக்கியமான இடம். நட்சத்திரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. சுமையைப் பங்கு போட ஆள் இருந்தால்தான் இரண்டு பேருமே நன்றாக ஓடுவார்கள் என்கிறோம். டாலஸையே மறுபடி எடுத்துக்கொள்கிறேன். 2019-ல் எசக்கியல் எலியட்டுக்கு ஆறு வருடத்துக்கு 90 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அதே வருடம் நான்காவது சுற்றில் டோனி பொல்லார்ட் என்ற பையனை எடுத்தார்கள். 2022-ல் எலியட் 231 முறை ஓடி 876 யார்டு. பொல்லார்ட் 193 முறை ஓடி 1,007. 2023 மார்ச்சில் எலியட்டை அனுப்பிவிட்டார்கள். பொல்லார்ட் முதல் ஆள் ஆனார். அந்த வருடம் அவர் ஓடியது 252 முறை. எத்தனை யார்டு தெரியுமா? 1,005. முந்தைய சீசனின் கடைசியில் கால் எலும்பு முறிந்து தேறி வந்தவர் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனாலும் 59 முறை கூடுதலாக இடிபட்டு, இரண்டு யார்டு குறைந்திருக்கிறது. முதல் ஆள் ஆனார், பாவம், பக்கத்தில் பொல்லார்ட் இல்லை.

நீங்கள் சொன்ன நட்சத்திரம் சாக்வான் பார்க்லி பற்றி நான் சண்டை போடப் போவதில்லை. 2024-ல் ஃபிலடெல்ஃபியாவுக்கு 2,005 யார்டு ஓடிய மனிதரைக் குறை சொன்னால் எனக்கு ராத்திரி சோறு கிடைக்காது; என் மைத்துனர் வீடு அங்கேதான். ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். எரிக் டிக்கர்சன் 1984-ல் வைத்த 2,105 யார்டு சாதனையை உடைக்க அவருக்கு 101 யார்டுதான் தேவைப்பட்டது, ஒரு ஆட்டமும் பாக்கி இருந்தது. அந்த ஆட்டத்தில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். மாற்று ஆட்களை வைத்தே ஜெயண்ட்ஸ் அணியை ஜெயித்தார்கள். ஐந்து வாரம் கழித்து சூப்பர் பௌல் கோப்பை. பெஞ்சில் ஆள் இருக்கிறது என்ற தைரியம் இல்லாத பயிற்சியாளர் அப்படி உட்கார வைப்பாரா?

என் சொந்தச் சோகம் ஒன்றும் இருக்கிறது. ஆபீஸில் பேண்டஸி லீக் ஆடுகிறோம்; நிஜ வீரர்களை ஆளுக்குக் கொஞ்சம் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. அதில் மாற்று ரன்னிங் பேக்கை 'ஹேண்ட்கஃப்' என்பார்கள், கைவிலங்கு. நட்சத்திரத்தை எடுத்தால் அவருடைய மாற்றையும் சேர்த்து எடுத்துக் கட்டிப்போட்டு வைத்துக்கொள் என்று அர்த்தம். 2024-ல் எனக்கு முதல் தேர்வு கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. "ஜோர்டன் மேசனையும் எடுத்து வச்சுக்கங்க" என்றான் பக்கத்து சீட்டுப் பையன். டிராஃப்ட்டிலேயே யாரும் எடுக்காத ஆளை நான் ஏன் எடுக்க வேண்டும் என்று சிரித்தேன். முதல் வாரம், திங்கட்கிழமை ராத்திரி ஆட்டம். பெரியவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனைப் பார்க்கிறேன்: மெக்காஃப்ரி இன்று ஆடவில்லை. ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. மேசன் 28 முறை ஓடினார், 147 யார்டு, ஒரு டச்டவுன். அவரை எடுத்து வைத்திருந்தவன் அந்தப் பக்கத்து சீட்டுப் பையன்தான். மறுநாள் காபி மெஷின் பக்கம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, கையில் விலங்கு போட்ட மாதிரி இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டிவிட்டுப் போனான். மெக்காஃப்ரி அந்த சீசனில் மொத்தம் ஆடியது நான்கு ஆட்டம்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், தெரிகிறது. ஒரே ஒரு பாக்கி. "கடையில் யார் பெயர் போட்ட சட்டை விற்கிறது?" என்று எதிரணி கடைசியாகக் கேட்டதல்லவா?

2018 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி தன் நட்சத்திர ரன்னிங் பேக் டாட் கர்லிக்குப் புது ஒப்பந்தம் போட்டது. உத்தரவாதத் தொகை மட்டும் 45 மில்லியன் டாலர். நானும் அந்தச் சந்தோஷத்தில் 30-ஆம் எண் சட்டை ஒன்று வாங்கினேன். டிசம்பரில் கர்லிக்கு முழங்கால் வலி. அந்த சீசனில் இரண்டு அணிகள் வேண்டாம் என்று அனுப்பிய சி.ஜே. ஆண்டர்சனை 18-ஆம் தேதி கூப்பிட்டார்கள். 23-ஆம் தேதி அவர் அரிசோனாவுக்கு எதிராக 167 யார்டு ஓடினார். அடுத்த வாரம் 132. சீசன் முடிந்து வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் டாலஸுக்கு எதிராக 123. கர்லியும் தேறி வந்து அதே ஆட்டத்தில் 115. சூப்பர் பௌல்வரை போனார்கள். அங்கே மொத்த அணியும் சேர்ந்து எடுத்தது 3 புள்ளிதான், அந்தக் கதை வேண்டாம். 2020 மார்ச்சில் கர்லியை ராம்ஸ் அனுப்பிவிட்டது.

சட்டை இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, அக்கா. கார் துடைக்க வைத்திருக்கிறோம். நல்ல துணி. வணக்கம்.