கல்யாணத்தன்னைக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் முதல்ல எப்போ பார்த்துக்கலாம்?

அடுத்த கேள்வி குடியாத்தத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். "அக்கா, வைகாசியில எனக்குக் கல்யாணம், காட்பாடியில மண்டபம். முகூர்த்தம் ஆறுல இருந்து ஏழரை. காலையில அஞ்சு மணிக்கு 'ஃபர்ஸ்ட் லுக்', அதாவது அலங்காரத்தோட நாங்க முதல்ல பார்த்துக்கற படம், எடுத்துடலாம்னு போட்டோகிராஃபர் சொல்றார். மாப்பிள்ளை வீட்டுல தெலுங்கு பேசுவாங்க. அவங்க பாட்டி, முகூர்த்தத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் மூஞ்சியப் பார்த்துக்கவே கூடாதுங்கறாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

காலையில பாட்டி பேச்சைக் கேளு தங்கச்சி. முந்தின நாள் சாயங்காலத்துல போட்டோகிராஃபருக்கு ஒரு பதினஞ்சு நிமிஷம் குடு. ஏன்னு சொல்றேன்.

பொண்ணு பார்க்க வந்தப்பவே நீங்க பார்த்துக்கிட்டாச்சு. நிச்சயத்துல பக்கத்துல பக்கத்துல நின்னாச்சு. ஆரணிக்குப் பட்டு எடுக்க ரெண்டு வீடும் ஒரே வண்டியில போயிருப்பீங்க. தினம் ராத்திரி வீடியோ கால் வேற. இதெல்லாம் பாட்டிக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். அவங்க சொல்றது முகூர்த்தப் புடவை கட்டி, நெத்தியில பட்டம் கட்டி, கௌரி பூஜை பண்ணி முடிச்ச பொண்ணை. அந்தப் பொண்ணை மாப்பிள்ளை எந்த நிமிஷத்துல பார்க்கணும்னு அவங்க வீட்டுல ஒரு கணக்கு இருக்கு.

நம்ம வேலூர்ப் பக்கம் தெலுங்கு பேசுற வீடு ஏகப்பட்டது, பாதிப் பேருக்கு இந்தச் சடங்கு தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மாப்பிள்ளை மணையில உக்காந்திருப்பார். பொண்ணைத் தாய்மாமன் கூட்டிக்கினு வருவார், சில வீட்டுல மூங்கில் கூடையில உக்கார வெச்சுத் தூக்கிக்கினே வருவாங்க. நடுவுல ஒரு துணியைத் திரை மாதிரி பிடிச்சிருப்பாங்க. சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைச்சு வெத்தலையில வெச்சிருப்பாங்க, அவங்க ஜீலகர்ர பெல்லம்னு சொல்லுவாங்க. ஐயர் நேரம் பார்த்துச் சொன்னதும், திரைக்கு மேல கைய நீட்டி, ஒருத்தர் தலை உச்சியில ஒருத்தர் அதை அழுத்தி வெப்பாங்க. கெட்டிமேளம். திரையை இறக்குவாங்க. அப்போ பார்த்துக்கறதுதான் பார்வை.

இதுல முக்கியமான விஷயம், அவங்களுக்கு முகூர்த்தமே அந்த நிமிஷம்தான். தாலி அதுக்கப்புறம் வரும். நம்ம ஆளுங்க கெட்டிமேளம்னா தாலின்னே பழகிட்டோம். சத்துவாச்சாரியில ஒரு மண்டபத்துல பார்த்தேன், தாலிக்கு இன்னும் நேரம் இருக்குன்னு கேமராமேன் கீழ குனிஞ்சு பேட்டரி மாத்திக்கினு இருக்கார், மேல திரை இறங்கிடுச்சு. அந்த ஆல்பத்துல பொண்ணோட அந்த முகமே இல்ல. அதனால உன் போட்டோகிராஃபர்கிட்ட இப்பவே சொல்லிடு. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு கேமரா, அந்தப் பக்கம் ஒரு கேமரா. நிஜமான ஃபர்ஸ்ட் லுக் அங்கதான் இருக்கு, அதை விட்டுட்டு அஞ்சு மணிக்கு டூப்ளிகேட் எதுக்கு?

இந்த ஃபர்ஸ்ட் லுக்கே வெளிநாட்டுச் சர்ச் கல்யாணத்துல இருந்து வந்தது. அங்க பொண்ணு உள்ள நடந்து வர்ற வரைக்கும் மாப்பிள்ளை பார்க்கக் கூடாதுன்னு பழக்கம். சடங்கு முடிஞ்சதும் விருந்துக்கு ஓடணும், படம் எடுக்க நேரம் இருக்காது. அதான் முன்னாடியே தனியா பார்க்க வெச்சு எடுக்க ஆரம்பிச்சாங்க. நமக்கு முந்தின நாள் ராத்திரியே ரிசப்ஷன். ரெண்டு பேரும் மேடையில மூணு மணி நேரம் நின்னு, வந்தவங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு, பத்து மணிக்கு ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டாச்சு. இதுக்கப்புறம் காலையில அஞ்சு மணிக்கு "ஐயோ, நீயா!"ன்னு கண்ணுல தண்ணி விடச் சொன்னா எப்படி வரும்?

நேரத்தையும் பாரு. ஆறு மணி முகூர்த்தத்துக்கு மேக்கப், ஜடை, புடவைன்னு மூணு மணிக்கு உக்காரணும். ஃபர்ஸ்ட் லுக்னா ரெண்டு மணிக்கே எழுப்புவாங்க. படுத்ததே பன்னெண்டு. மணமேடையில கண்ணு சொருகும், புகை வேற.

அதனால, பெண் அழைப்பு முடிஞ்சு, ஆரத்தி எடுத்து உள்ள கூட்டிக்கினு வந்ததும், மேடை ஏறுறதுக்கு முன்னாடி மண்டபத்து ரூம்ல ஒரு பதினஞ்சு நிமிஷம். ரிசப்ஷன் டிரஸ்ஸுல. சித்தி, அத்தை, நண்டு சிண்டு யாரும் வேணாம். படம் அஞ்சு நிமிஷம், மீதிப் பத்து நிமிஷம் கேமராவையும் வெளிய அனுப்பிடு. சாப்பிட்டியா, கால் வலிக்குதான்னு கேட்டுக்க அந்த ரெண்டு நாள்ல வேற நேரமே கிடைக்காது. மேடையில பேசுனா மைக்கு எடுக்கும்.

முகூர்த்தப் புடவையில வெளிய எடுக்கணும்னா, தாலி கட்டினப்புறம் ஏழரை எட்டுக்குள்ள மண்டபத்து வாசல்லயே எடுத்துக்கோ. வைகாசி வெயில் உனக்குச் சொல்லணுமா? ஒன்பது மணிக்கு மேல போனா மேக்கப் கழுத்துல இறங்கும். வேலூர்க் கோட்டையில எடுக்கலாம்னு யாராவது ஆசை காட்டுனா, அது மத்தியத் தொல்லியல் துறை இடம், அனுமதி கேட்டாச்சான்னு முதல்ல கேளு.

மத்தவங்களுக்கும் சுருக்கமா சொல்லிடறேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசுற வீடுகள்ல நிக்காஹ் முடிஞ்சப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல கண்ணாடி வெச்சு, அதுல முகம் பார்க்க வைக்கிற வழக்கம் உண்டு. அந்த வீட்டுல முன்கூட்டியே பார்க்கறதைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க. சர்ச் கல்யாணம்னா பெரியவங்க ஒத்துக்கிட்டா காலையிலேயே எடுக்கலாம், பகல் ஆராதனைதான், நேரம் இருக்கும். சுயமரியாதைக் கல்யாணத்துல ரெண்டு பேரும் ஒண்ணாவே மேடைக்கு வரலாம். 1967ல தமிழ்நாட்டுல இந்துத் திருமணச் சட்டத்துல சேர்த்த 7-ஏ பிரிவுப்படி உறவுக்காரங்க, நண்பர்கள் முன்னாடி மாலை மாத்திக்கிட்டாலே செல்லும், இல்ல மோதிரம், இல்ல தாலி. யார் எப்போ யாரைப் பார்த்தாங்கன்னு சட்டம் கேக்கறதில்ல.

ஒண்ணு விட்டுட்டேன். பாட்டிகிட்ட நீ பேசாத தங்கச்சி. மாப்பிள்ளையைப் பேசச் சொல்லு. "காலையில திரை இறங்குற வரைக்கும் பார்க்க மாட்டேன் பாட்டி, சாயங்காலம் மட்டும் ஒரு போட்டோ"ன்னு பேரன் கேட்டா வேற மாதிரி இருக்கும். இன்னும் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள மருமக வந்து சட்டம் பேசுறான்னு உனக்கு எதுக்கு பேரு? அப்படியே, திரைக்கு எந்தத் துணி, யார் ரெண்டு பேர் பிடிப்பாங்கன்னும் அவரையே கேட்டுக்கச் சொல்லு. உயரமான ஆளு பிடிச்சா கேமராவுக்கு ஒண்ணுமே தெரியாது.

சரி, அடுத்தது ஆற்காட்டுல இருந்து ஒரு அம்மா, சீர்த்தட்டு ஒத்தைப்படையிலதான் வெக்கணுமான்னு கேட்டிருக்காங்க.