அவரவர் அடுப்புக்குத் திரும்புங்கள்

நேயர்களே, வணக்கம். லூக்கா நற்செய்தியில் 'குடிமதிப்பு' என்று ஒரு சொல் வரும், அதாவது மக்கள் கணக்கெடுப்பு. ரோமப் பேரரசன் அகுஸ்து ராயன் கட்டளையிட்டான், நாசரேத்திலிருந்த யோசேப்பு கர்ப்பிணி மரியாளை அழைத்துக்கொண்டு, மூதாதை தாவீதின் ஊரான பெத்லகேமுக்குப் பதியப் போனார் என்று. நூறு கிலோமீட்டருக்கும் மேல், மேடும் பள்ளமுமான பாதை. ரோம அரசு நிஜமாகவே மக்களை இப்படி நடக்க வைத்ததா என்பது சின்ன வயதிலிருந்தே என் கேள்வி.

எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் தாளில் பாதி பதில் இருக்கிறது. கி.பி. 104இல் அங்கே ஆளுநராக இருந்த கையஸ் விபியஸ் மாக்சிமஸின் உத்தரவு அது. வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது, எந்தக் காரணத்தால் வெளியூரில் இருந்தாலும் எல்லோரும் அவரவர் அடுப்புக்குத் திரும்பிப் பதிந்துவிட்டு, தங்கள் நிலத்து வேலையையும் பார்க்க வேண்டும். அடுப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். தன் வீடு இருக்கிற ஊருக்குப் போகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். தாவீதோ யோசேப்புக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முந்தியவர், அத்தனை பழைய ஊரைத் தேடிப் போகச் சொல்லும் ரோம உத்தரவு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அரசுக்கு வேண்டியிருந்தது வரி. எகிப்தில் 14 வருடத்துக்கு ஒருமுறை கணக்கு, 14 வயதில் ஆண்பிள்ளைக்குத் தலைவரி, ஆக ஒரு கணக்கில் பதிந்த ஆண்குழந்தை அடுத்த கணக்குக்குள் வரி கட்டும் வயதுக்கு வந்துவிடும். யூதேயாவில் கி.பி. 6இல் ரோம ஆளுநர் சிரேனியு கணக்கெடுத்தபோது கலிலேயனாகிய யூதா, இது அடிமைத்தனம் என்று சொல்லி மக்களைத் திரட்டினார்.

சரி, கணக்குக்காக நிஜமாகவே பயணம் போன ஒருவரைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தவர். பெயர் பாபதா, சாக்கடலின் தென்கரையில் மாவோசா என்ற ஊர். எழுத்தறியாத யூதப் பெண். கி.பி. 127 டிசம்பரில் கடற்கரையிலிருந்து மேட்டு நிலத்திலிருந்த ரப்பாத்துக்கு ஏறிப்போய், தன் நான்கு பேரீச்சந்தோப்புகளையும், எது எங்கே, எவ்வளவு வரி என்று ஒவ்வொன்றாகப் பதிந்தார், சீசரின் பெயரால் சத்தியமும் செய்தார். கார்டியனாக உடன் வந்தவர் அவருக்காக எழுதிக் கொடுத்தார். சில வருடம் கழித்து ரோமுக்கு எதிராக யூதர்கள் எழுந்த போர் வந்தது. சாக்கடல் பக்கத்துக் குகை ஒன்றில் ஒளிந்தவர்களிடம் அவருடைய பத்திரக்கட்டும் இருந்தது, அதற்குள் இந்தப் பதிவின் நகலும். 1961இல் அகழாய்வாளர்கள் எடுத்தபோது கட்டு அப்படியே பத்திரமாக இருந்தது. அதைத் திரும்ப எடுக்க யாரும் வரவே இல்லை.